கப்பலில் பதித்த பலகை

அணை உடைந்த வரலாறு என்றதும் நம்மவர் உள்ளத்தில் முதற்கண் தோன்றுவது எமன் நாட்டு மஃரிபு அணையாகத்தான் இருக்கும். ஸபா நாட்டு மக்கள் நன்றி மறந்தார்கள், பெருவெள்ளம் அனுப்பப்பட்டது, வலமும் இடமும் செழித்திருந்த சோலைகள் அழிந்தன என்று, அந்நாட்டின் பெயராலேயே அமைந்த அத்தியாயத்தில் திருமறை எடுத்துரைக்கிறது. ஓதும் பருவத்திலேயே இதனைக் கேட்டு வளர்ந்தமையால், அணை உடைதல் என்றாலே அது இறைவனின் தண்டனை என்ற எண்ணம் நம் நெஞ்சில் ஊறிவிட்டது. ஆனால், ஒரு நாட்டார் தாங்கள் எழுப்பிய அணையைத் தங்கள் கையாலேயே இடித்து, ஆற்றை அதன் வழியில் விட்டுவிடுவார்களாயின், அதற்கு என்ன பெயர் சூட்டுவது? தண்டனை என்று சொல்ல இயலாது. வேறொரு சொல் வேண்டியிருக்கிறது.

அத்தகைய நிகழ்ச்சி ஒன்று நம் கண்முன் நடந்திருக்கிறது. அமெரிக்காவின் மேற்குக் கரையில், ஒரேகான் மாநிலத்திலிருந்து புறப்பட்டுக் கலிபோர்னியா வழியே பசிபிக் பெருங்கடலில் விழும் ஆறு கிளமாத். அதன் நீளம் ஏறத்தாழ 410 கிலோமீட்டர். கிளமாத், ஷாஸ்டா, காரூக், ஹூப்பா, யூரோக் எனப் பல பழங்குடியினர் அதன் கரைகளில் தொன்றுதொட்டு வாழ்பவர்கள். அவர்களுடைய உணவும் வாணிபமும் வழிபாடும் அவ்வாற்றின் சால்மன் மீனைச் சார்ந்தவை. அம்மீனின் இயல்பு வியப்புக்குரியது. ஆற்றின் மேற்பகுதியில், கூழாங்கற்களுக்கிடையே பொரிக்கும். கடலுக்குச் சென்று வளரும். சில ஆண்டுகள் கழிந்தபின், தான் பிறந்த ஆற்றையே தேடி எதிர்நீச்சலிட்டு வந்து, முட்டையிட்டு மடியும். வழியை அடைத்துவிட்டால் அதற்குப் போக்கிடமில்லை.

வழி அடைக்கப்பட்டது. மின்சாரம் எடுப்பதற்கென ஒரு தனியார் நிறுவனம் 1918இல் கோப்கோ முதலாம் அணையையும், 1925இல் இரண்டாம் அணையையும் கட்டி முடித்தது. 1958இலும், பின்னர் 1960களிலும் மேலும் இரண்டு அணைகள் எழுந்தன. பாசனத்துக்கென்று இவற்றால் ஒரு சொட்டு நீரும் கிடைக்கவில்லை. மேலாற்றுப் பழங்குடியினரின் மீன்பிடி உரிமை 1864ஆம் ஆண்டின் உடன்படிக்கையிலேயே எழுத்தில் ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தது. ஆயினும் மீனே ஏறி வராத ஆற்றில் மீன்பிடி உரிமை இருந்தென்ன பயன்? கீழாற்றின் நிலையும் நலிந்தது. 2002 செப்டம்பரில், நீர் குறைந்து சூடேறி நோய் பரவியதால், அரசுக் கணக்கின்படியே 34,000க்குக் குறையாத மீன்கள் செத்து மிதந்தன. அணைகளை எடுத்தாக வேண்டும் என்று பழங்குடியினர் நடத்திய போராட்டம் அதன்பின் வலுப்பெற்றது. இருபது ஆண்டுகள் கழித்து, 2022 நவம்பரில் இசைவு கிடைத்தது. 2024 ஜனவரியில் நீர்த்தேக்கங்களைத் திறந்து வடித்தனர். ஆகஸ்டு 28ஆம் நாள் ஆறு தன் பழைய தடத்தில் ஓடிற்று. அக்டோபர்த் தொடக்கத்தில் இடிப்பு வேலை முடிவுற்றது. அதே அக்டோபரில், அணைகளுக்கு அப்பால் ஒரேகானிலுள்ள ஓடையொன்றில் சினூக் வகைச் சால்மன் காணப்பட்டது. 1912க்குப் பிறகு அம்மீன் அங்கு வந்தது அதுவே முதன்முறை. நூறாண்டுக்கும் மேலாக ஒரு மீனும் ஏறியறியாத வழியை அம்மீன்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? தேனீக்கு வஹீ அறிவித்தவனே மீனுக்கும் அறிவித்திருப்பான் என்பதற்கு மேல் நாம் என்ன சொல்ல?

அடுத்த ஆண்டு, 2025 ஜூன் 12ஆம் நாள், அப்பழங்குடிகளைச் சேர்ந்த இளைஞர்களும் இளம்பெண்களும் மூலநீரோடைகளில் கயாக் என்னும் சிறு படகுகளை இறக்கினர். ஒருமாத காலம் துடுப்புப் போட்டு, ஏறத்தாழ 500 கிலோமீட்டர் கடந்து, ஜூலை 11ஆம் நாள் கடலைக் கண்டனர். நான்கு அணைகள் நின்ற இடங்களில் இப்போது வெள்ளம் சுழித்தோடுகிறது. அவற்றினூடே அவர்கள் படகு சென்றது. மேற்பகுதியில் இன்னும் இடிக்கப்படாத இரண்டு சிற்றணைகள் வந்தபோது மட்டும் கரையேறிப் படகுகளைச் சுமந்து சென்றார்கள்.

இச்செய்தியைப் படித்தபோது நம்மைத் தைத்தது ஒரு சிறு விவரம். அப்பிள்ளைகள் இதற்கென மூன்றாண்டுக் காலம் படகோட்டப் பயின்றார்களாம். ஆற்றின் மக்கள் ஆற்றில் செல்லப் பிறரிடம் பயில வேண்டியிருந்தது! யூரோக் மக்கள் செம்மரத்தைக் குடைந்து ஓடம் செய்வதில் பேர்போனவர்கள். பிளாஸ்டிக் கயாக் அவர்களுடைய பாட்டனாரின் கலம் அன்று. பறிக்கப்பட்ட பொருளை ஒரு நூற்றாண்டு கழித்துத் திருப்பித் தரும்போது, பெறுகிறவன் பறிகொடுத்தவன் அல்லன். தருகிறவனும் பறித்தவன் அல்லன். பொருளும் பழைய பொருளாக இருப்பதில்லை. அவ்வாறிருக்க, அதனை நீதி என்பது பொருந்துமா? இதுவே நாம் எடுத்துக்கொண்ட கேள்வி.

மதரசாவில் ஃபிக்ஹு ஓதியவர்களுக்கு இக்கேள்வி புதிதன்று. இமாம் நவவியின் மின்ஹாஜில் ‘கஸ்பு’ என்றொரு பாடம் உண்டு. பிறர் பொருளை அநியாயமாகக் கைப்பற்றுவது குறித்த சட்டங்கள் அதில் உள. அங்கே ஒரு பலகை வருகிறது. ஒருவன் பிறனுடைய மரத்துண்டை அபகரித்து, அதன்மேல் தன் வீட்டைக் கட்டிவிட்டான். உரியவன் வந்து கேட்கிறான். என்ன செய்வது? ஷாபிஈ மத்ஹபின் தீர்ப்பு தயவு தாட்சணியமற்றது: கட்டடம் இடிந்தாலும் சரியே, மரத்தை உருவிக் கொடுக்க வேண்டும். ஹனஃபி இமாம்கள் வேறு வழி சென்றார்கள். மரத்தின் மீது உரியவனுக்கு இருந்த உடைமை, கட்டடத்தில் அது சேர்ந்ததோடு நீங்கிவிட்டது. அபகரித்தவன் அதன் விலையைத் தர வேண்டும் என்பது ஹிதாயாவில் காணும் தீர்ப்பு. ஒரு துண்டு மரத்துக்காக ஒரு மாளிகையைத் தகர்ப்பது, தீங்கை அதைவிடப் பெருந்தீங்கால் நீக்குவது ஆகாதா என்பது அவர்கள் வாதம். இரு தரப்பும் கற்றோர் தரப்பே. நம்மிடம் ஓதும் பிள்ளைகள் ஆண்டுதோறும் இவ்விடத்தில் இரு கட்சியாகப் பிரிந்து வழக்காடுவார்கள். பெரும்பாலும், ஏழை வீட்டுப் பிள்ளைகள் ஷாபிஈயின் பக்கம் நிற்பதைக் கண்டிருக்கிறோம். இது நம் அனுபவமேயன்றிச் சட்டமன்று!

சென்ற ஆண்டு கிளமாத் செய்தியை அவ்வகுப்பில் சொன்னோம். உடனே ஒரு மாணவர் எழுந்து, “ஹஜ்ரத், அப்போ அணைங்கிறது பலகையா, வீடா?” என்று கேட்டார். கூர்மையான கேள்விதான். பலகை என்பது ஆற்றின் ஓட்டம். வீடு என்பது அதன்மேல் எழுந்த மின்நிலையம், அதன் ஊதியம், தேங்கிய நீரின் கரையில் எழுந்த இல்லங்கள் எல்லாம். ஹனஃபி இமாம்களின் நியாயத்தை இங்குப் பொருத்திப் பார்த்தாலும் அணைக்காரர் பக்கம் தராசு சாயவில்லை. நான்கு அணைகளும் சேர்ந்து அந்நிறுவனத்தின் மொத்த மின்சாரத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கும் தரவில்லை. உரிமத்தைப் புதுப்பிப்பதாயின் மீன் ஏறுவதற்கு வழி கட்ட வேண்டியிருந்தது. அதற்காகும் செலவு, அணையை இடிக்கும் செலவை விஞ்சும் என்று கண்ட பின்பே நிறுவனம் இடிப்புக்கு இணங்கிற்று. அப்படியானால் இது தவ்பா அன்று, வணிகக் கணக்கு என்று சிலர் எள்ளலாம். எள்ளட்டும். அபகரித்த பொருளைத் திருப்பிக் கொடுப்பதற்கு நிய்யத்து நிபந்தனையன்று என்றே நம் நூலோர் எழுதினார்கள். கொடுத்தவன் மனத்தூய்மை பெற்றானா என்பது அவனுக்கும் இறைவனுக்கும் இடையிலான செய்தி. பொருள் உரியவன் கைக்கு வந்ததா என்பதே வழக்கு.

உரியவன் மாண்டுபோனால்? வாரிசுக்குப் போகும். அபகரித்தவன் மாண்டுபோனால்? அபகரித்த பொருள் அவன் விட்டுச்சென்ற சொத்தில் சேராது. பிள்ளைகள் கையில் இருப்பினும் அது அவர்களுடையதன்று. காலம் எத்தனை கழிந்தாலும் கஸ்பு உடைமையாகப் பழுத்துவிடுவதில்லை. ஆகவே, பெறுகிறவனும் தருகிறவனும் புதியவர்கள் என்பதனால் நீதி இல்லாமற் போய்விடாது. கிளமாத்தில் படகு செலுத்திய பிள்ளைகள் வாரிசுகளாகப் பெற்றார்கள்; முழுமையாகப் பெற்றார்கள் என்று நாம் சொல்லவில்லை.

ஏனெனில் இழப்பும் இருந்தது. வடித்த நீரோடு சேறும் பெருக்கெடுத்து, 2024இன் தொடக்கத்தில் ஆற்றில் மீன்கள் மடிந்தன. ஏரிக்கரை வீடு என்று விலை கொடுத்து வாங்கியவர்கள் ஒருநாள் விழித்தபோது வாசலில் ஏரி இல்லை. இன்னொன்று பலர் கவனியாதது. மின்நிலையம் குறித்த நேரத்தில் நீரைத் திறந்துவிட்டதால், கோடை முடியும்வரை மேலாற்றில் ரப்பர்ப் படகில் பயணிகளை ஏற்றிப் பிழைத்தவர்கள் இருந்தார்கள். ஆறு சுதந்திரம் பெற்றதும், கோடையின் கடைசியில் நீர் தன் இயல்பில் குறைந்துபோக, அவர்கள் பிழைப்புத் தேய்ந்தது. ஓர் ஆற்றின் விடுதலையில் படகோட்டியே ஒருவன் நட்டப்பட்டான்! இவற்றை மறைத்துவிட்டு நீதி நிலைத்தது என்று முழங்குவது நமக்குச் சம்மதமில்லை. பலகையை உருவும்போது ஆணி கிழிக்கத்தான் செய்யும். யாரைக் கிழிக்கிறது என்று பார்ப்பதும் வழக்கின் பகுதியே.

இங்கேதான் மின்ஹாஜின் அடுத்த வரி நமக்கு நினைவு வருகிறது. அபகரித்த பலகையை வீட்டிலல்லாமல் கப்பலில் பதித்துவிட்டால்? அப்போதும் உருவ வேண்டியதே. ஆனால், உருவினால் உயிரோ, குற்றமற்ற பிறர் பொருளோ அழியும் என்று அஞ்சும்போது அவ்வாறு செய்யலாகாது. நடுக்கடலில் பலகையை உருவினால் அதில் இருக்கும் ஏழை மாலுமியும் அல்லவா மூழ்குவான்? கப்பல் கரை சேரட்டும் என்று உரையாசிரியர்கள் விளக்கினார்கள். உரிமை செத்துவிடவில்லை, கரை வரையில் காத்திருக்கிறது.

இனி, அமெரிக்காவை விட்டு நம் ஊருக்கு வருவோம். நாம் வாழ்வது ஊரப்பாக்கத்தில். இங்கு அணை ஏதும் இல்லை. ஆனால் ஏரி உண்டு. ஏரிக்குக் கலங்கல் உண்டு. கலங்கலிலிருந்து போக்குக்கால் உண்டு. ஊரப்பாக்கம், நந்திவரம் பக்கத்து ஏரிகளின் மிகைநீர் ஆதனூர்ப் பக்கம் சென்று, அங்கிருந்து அடையாறாகி, முடிச்சூர், வரதராஜபுரம் வழியே சென்னைக்குப் போய்க் கடலில் கலப்பது வழக்கம். உமறுப் புலவர் சீறாப்புராணத்தின் நாட்டுப் படலத்தில் ஆறில்லாத அரபு நாட்டுக்கு மழை பெய்வித்து வெள்ளம் ஓடவிட்டார். நாமோ வெள்ளம் ஓடிய நாட்டில் அது ஓடிய தடத்தையே காணாமற் செய்துவிட்டோம்.

2001ஆம் ஆண்டு இங்கே ஒரு மனை வாங்கினோம். விற்றவர் பெயர் வேண்டாம். பத்திரம் இருந்தது, வில்லங்கச் சான்று சுத்தமாக இருந்தது, பட்டாவும் வந்தது. நிலம் சற்றுப் பள்ளமாக இருக்கிறதே என்று நம் இல்லத்தார் கேட்டதற்கு, மண் கொட்டினால் சரியாகிவிடும் என்றார். கொட்டினோம். கட்டினோம். 2015 டிசம்பர் முதல் நாள் இரவு நம் தெருவில் மார்பளவு நீர் புகுந்தது. மறுநாள் மீனவச் சகோதரர்கள் கடற்படகைக் கொண்டுவந்து நம் குடும்பத்தை மொட்டை மாடியிலிருந்து இறக்கினார்கள். படகு நம் வாசலைக் கடந்தபோது துடுப்பைப் போட்டவர் திகைத்தார். “பாய், இது தெருவே இல்ல. தெருவுல நிக்கிற தண்ணிக்கு இழுப்பு இருக்காது. இங்க இழுக்குது பாருங்க. இது கால்வா” என்றார். அவர் அந்த ஊரை அதற்குமுன் கண்டவரல்லர். வில்லங்கச் சான்று சொல்லாததைத் துடுப்பு சொல்லிற்று.

ஆக, நாமும் அணை நீக்கிய ஆற்றில் படகில் சென்றவர்களே. என்ன, ஆறு தானே நீக்கிக்கொண்டது.

கிளமாத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் நாம் பழங்குடிகளின் பக்கம் நின்று படித்தோம். அது எளிது. நம் வாசலில் அவ்வழக்கு வந்தால் நாம் எப்பக்கம் நிற்போம்? பட்டா இருக்கிறதே என்று சொல்லத் தோன்றுகிறது. அப்யழ் இப்னு ஹம்மால் (ரலி) அவர்கள் செய்தி அப்போது நினைவில் எழுந்து வாயை அடைக்கிறது. அபூதாவூதிலும் திர்மிதியிலும் பதிவானது. எந்த மஃரிபு அணையில் இக்கட்டுரையைத் தொடங்கினோமோ அதே மஃரிபிலிருந்து உப்பளம் ஒன்றைத் தமக்கு வழங்குமாறு அவர் அண்ணல் நபி (ஸல்) அவர்களிடம் வேண்டினார். அண்ணலார் வழங்கினார்கள். அவர் எழுந்து சென்றதும் அவையிலிருந்த ஒருவர், தாங்கள் வழங்கியது வற்றாமல் ஊறும் நீரைப் போன்ற ஒன்றை என்று எடுத்துரைத்தார். உடனே அண்ணலார் (ஸல்) அதனைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். நபியின் திருக்கரத்தால் வழங்கப்பெற்ற மானியமே, அது பொதுமக்களுக்குரிய வற்றாத நன்மை என்று தெரிந்தபோது திரும்பப் பெறப்பட்டதாயின், நம் வட்டாட்சியர் அலுவலகத்துப் பட்டா எம்மாத்திரம்?

நாம் அறியாமல் வாங்கியவர்கள் ஆயிற்றே என்றும் சொல்லிப் பார்த்தோம். மின்ஹாஜு அதற்கும் இடம் விடவில்லை. அபகரித்தவன் கைக்குப் பின் அப்பொருள் எத்தனை கை மாறினும் அத்தனை கைகளும் பொறுப்புள்ள கைகளே. அறியாமை பாவத்தை நீக்கலாம், பொறுப்பை நீக்காது. ஆயினும் அதே பக்கத்தில் ஓர் ஆறுதல் உண்டு. அறியாமல் வாங்கி வீடு கட்டியவனுடைய கட்டடம் இடிக்கப்பட்டால், அந்த நட்டத்தை அவன் தனக்கு விற்ற அபகரிப்பாளனிடம் கேட்டு வாங்கலாம் என்பதே வலுவான தீர்ப்பு. இச்சட்டத்தின் நுட்பத்தை நோக்குங்கள். பொருள் உரியவனுக்குப் போகிறது. செலவு திருடியவனுக்குப் போகிறது. ஏமாந்தவன் நடுவில் நசுக்கப்படுவதில்லை.

நம் நாட்டில் நடப்பதோ தலைகீழ். 2015க்குப் பின் அடையாற்றின் கரைகளிலிருந்து குடிசைவாசிகள் ஆயிரக்கணக்கில் அகற்றப்பட்டு, தொலைவிலுள்ள பெரும்பாக்கம் போன்ற இடங்களின் அடுக்குமாடிகளில் குடியமர்த்தப்பட்டார்கள். வேலையும் பள்ளியும் நகரத்தில், வீடு எங்கோ. அதே ஆற்றின்மேல் பாலம் கட்டி விமான ஓடுதளம் நீட்டப்பட்டிருக்கிறது. அதனை உருவுவோம் என்று யாரும் சொல்வதில்லை. ஏரிப் பள்ளத்தில் மனை பிரித்து விற்றுவிட்டுப் போனவரிடம் நட்டஈடு கேட்பாரும் இல்லை. மெலிந்தவன் பலகை மட்டும் பிடுங்கப்படுமாயின் அது நீதியின் பெயரால் நடக்கும் இன்னொரு கஸ்பு. ஆனால் மற்றவன் பலகை பிடுங்கப்படவில்லை என்பதற்காக நம் பலகை நமக்கு ஹலாலாகிவிடுமா? அதுவும் இல்லை.

அபகரித்த நிலத்தில் தொழுதால் ஷாபிஈ மத்ஹபில் தொழுகை கூடும், கடமை நீங்கும். ஆனால் பாவம் உண்டு, நன்மை உண்டா என்பதில் பேச்சு உண்டு. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இச்சட்டத்தைப் பிள்ளைகளுக்குப் பாடமாக நடத்தியிருக்கிறோம். வீட்டுக்கு வந்து அந்தத் தரையிலேயே முஸல்லாவை விரித்திருக்கிறோம்.

கப்பல் கரை சேரட்டும் என்ற விலக்கை நமக்கும் பொருத்திக்கொள்ளலாம்தான். வீட்டில் வயது முதிர்ந்த தாயார் இருக்கிறார்கள். மகளின் படிப்பு முடியவில்லை. கைப்பொருள் எல்லாம் அச்சுவர்களில் அடங்கியிருக்கிறது. நாம் நடுக்கடலில் இருப்பது உண்மையே. எனினும் ஒன்றைச் சொல்லிக்கொள்ள வேண்டும். கரையை நோக்கிச் செல்லும் கப்பலுக்கே அவ்விலக்கு. நங்கூரம் பாய்ச்சி நடுக்கடலிலேயே குடியிருப்பவனுக்கு அது இல்லை.

கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பரில் திறக்கப்பட்ட பின் இங்கே மனை விலை பன்மடங்காயிற்று. மாடி எழுப்பி வாடகைக்கு விடலாம் என்று மகன் சொல்ல, அதற்கு முன்பே கம்பி வாங்கிப் போட்டிருந்தோம். இவ்வாண்டு மழைக்கு முன், ஊரில் பழைய ஏரிப்பாசனம் அறிந்த பெரியவர் ஒருவரை அழைத்துவந்து கால்வாய் எவ்வழியே போயிற்று என்று கேட்டோம். அவர் கைத்தடியால் கோடு இழுத்துக்கொண்டே நடந்தார். கோடு நம் மதிலைத் தொட்டது. பின்கட்டைக் கடந்து, சமையலறைச் சுவரில் போய் நின்றது. “வாசல் பக்கத்து ரெண்டு ரூமும் மேட்டுல இருக்கு பாய், அது உங்களுது. இந்தப் பக்கம் தண்ணியோடது” என்றார். மகன் வெகுநேரம் அக்கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அத்தா, சமையலறையை முன்பக்கம் மாத்திக்கலாமா?” என்று கேட்டான். பின்பக்க மதிலை முதலில் எடுத்துவிடுவது என்று இருவரும் பேசி முடித்திருக்கிறோம். கம்பிகளை விற்றாயிற்று.